மறு: செயற்கூற்றுக்குள் அறிவிக்கும் வகை: ‘அகவகை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரலில் ஒரு செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்) அறிவித்து அதற்குள் மட்டும் பெயர் செல்லும் வகைக்கு (லோக்கல் டைப்) தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. இதுவரை வந்த ‘உள்வகை’, ‘இல்வகை’, ‘உள்ளமை வகை’ மூன்றிலும் எனக்கு உறுத்தல் இருக்கிறது. ‘உள்வகை’ என்றால் உட்பிரிவு என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அதைச் சப்டைப்புக்கு (ஒரு வகையின் கிளைவகை) விட்டுவைப்போம். ‘இல்வகை’ அழகான சொல், இல் என்றால் வீடுதானே. ஆனால் இல்பொருள் உவமை (உலகில் இல்லாததை உவமையாக்குவது) படித்த கண்ணுக்கு ‘இல்லாத வகை’ என்று படும். நானே முதலில் அப்படித்தான் படித்தேன்.

‘உள்ளமை வகை’தான் யோசிக்க வைத்தது. உள்ளமை, ‘லோக்கல்’ என்பதற்குப் பாடநூலில் பழகிய சொல். சரி, உள்ளே அமைவது எது? கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதிப் பார்த்தேன். இரண்டு செயற்கூறுகள், இரண்டுக்குள்ளும் ‘பல’ என்ற பெயரில் தனித்தனி ஸ்ட்ரக்ட் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டும் வகை). (ஏன் ‘பல’? கோ மொழி பெயர்களில் கால், கொம்பு, புள்ளி எதையும் ஏற்காது. உயிரெழுத்திலும் அகர உயிர்மெய்யிலும் மட்டும் சொல் தேட வேண்டியிருக்கிறது.) இரண்டு செயற்கூறுகளும் அந்த வகை மதிப்பை ‘எனி’யாக (எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வகை) திருப்பி அனுப்புகின்றன. வகையை அச்சிட்டால் இரண்டுக்கும் ‘மெயின்.பல’ என்றே வருகிறது (மெயின் என்பது நிரல் தொகுப்பின் பெயர்). ஒப்பிட்டால் சமமில்லை என்கிறது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வகை.

ஆக, மதிப்பு வெளியே போய்விடுகிறது. பெயர்தான் உள்ளே நிற்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயர் மாதிரி. ஆள் ஊரெல்லாம் சுற்றுவார், ரேஷன் கார்டில் அந்தப் பெயர் இருக்காது. அதனால்தான் ‘அகவகை’ என்கிறேன். அகம் என்றாலும் வீடுதான், இல்லாமை என்ற நிழலும் இல்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். (மெத்தட் என்பது ஒரு வகையோடு சேர்ந்த செயற்கூறு. இம்ப்ள் என்பது ரஸ்ட் மொழியில் மெத்தட்களை எழுதும் பகுதி. ஜெனரிக் அளபுரு என்பது பிறகு தரப்போகும் வகைக்கு இடம்பிடிக்கும் பெயர். டெம்ப்ளேட் என்பது பல வகைகளுக்கும் பொருந்தும் வார்ப்பு.) “கோ மொழியில் அகவகைக்கு மெத்தட் எழுத முடியாது.” “ரஸ்டில் அகவகைக்கு ‘இம்ப்ள்’ பகுதியை உள்ளேயே எழுதலாம், ஆனால் வெளிச் செயற்கூற்றின் ஜெனரிக் அளபுருவை அங்கே பயன்படுத்த முடியாது.” “சி++ மொழியில் அகவகையை டெம்ப்ளேட்டுக்குக் கொடுக்க இருந்த தடை 2011 தரத்தில் நீங்கியது.” எங்கும் இடறவில்லை. வகையைத் ‘தரவினம்’ என்னும் பாடநூல்படி ‘அகத்தரவினம்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் நாலு முறை சொன்னால் வாய் வலிக்கிறது.

அப்புறம், கிளாஸுக்குள் கிளாஸ் வேறு சங்கதி. அதை வெளியிலிருந்து முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட முடியும், அதனால் அதற்கு அகவகை பொருந்தாது. ‘அடுக்குவகை’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது, அவ்வளவு திருப்தியில்லை. இதைவிட நல்லதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.