எக்செல் தெரிஞ்ச பையன் போதுமா? அந்த ரெண்டு சைபருக்குப் பதில் சொல்லுங்க

பெகு_பட்டியல்:
"நூலக ஆளுங்களுக்குத் தனியாப் பயிற்சி எதுக்கு? எக்செல் தெரிஞ்ச பையன் ஒருத்தன் போதும். பதிவேட்டை டைப் அடிச்சு ஒரே நாள்ல கோஹாவுல ஏத்திடலாம்." யாங்கோன் கோயில் நூலகங்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது கணினி_செல்வம் எழுதியது இது. கோஹா என்பது நூலகப் பட்டியலை வைத்திருக்கும் மென்பொருள். பதில் சொல்லாமல் விட்டால் இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள நம்மில் ஆள் உண்டு.

செல்வம், ஒரே ஒரு கேள்வி. பதிவேட்டில் அக்செஷன் நம்பர், அதாவது நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் கொடுக்கும் வரிசை எண், 00412. புத்தகத்தில் ஒட்டிய பார்கோடு சீட்டிலும் 00412. உங்கள் பையன் அதை எக்செல்லில் அடித்து என்டர் தட்டியதும் கட்டத்தில் நிற்பது 412. கோஹாவுக்குப் போவதும் 412. வாசகர் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறார், ஸ்கேனர் 00412 என்று சரியாகப் படிக்கிறது, அப்படி ஒரு பிரதியே இல்லை என்கிறது கோஹா. அந்த ரெண்டு சைபர் எங்கே போனது?

கணினி_செல்வம்:
அண்ணே, ரெண்டு சைபருக்கா இவ்வளவு கோபம்? நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்க, ஃபார்மட் செல்ஸ், கஸ்டம், 00000 போடுங்க. சைபர் வந்துடும். சிஎஸ்வியா, அதான் கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்துக் கோப்பா, சேமிச்சாலும் திரையில தெரியுறதுதான் கோப்புக்குள்ள போகும். அஞ்சு நொடி வேலை. இதுக்கு வகுப்பு வைக்கணுமா? ஃபீஸ் வாங்கணுமா?

பெகு_பட்டியல்:
ஃபீஸ் பற்றி நான் வாயே திறக்கவில்லை. விஷயத்துக்கு வாருங்கள்.

உங்கள் 00000 தந்திரம் பதிவேடு ஒன்றே ஒன்றாக இருந்தால் செல்லும். நம் பழைய நூலகங்களில் தமிழ்ப் புத்தகத்துக்கு ஒரு பதிவேடு, பர்மியப் புத்தகத்துக்கு வேறு பதிவேடு. ஒன்றில் நான்கு இலக்கம், மற்றதில் ஐந்து. 0412 ஒரு புத்தகம், 00412 வேறொரு புத்தகம். எக்செல்லுக்கு இரண்டும் 412. ஐந்து இலக்கமாகக் காட்டு என்றால் இரண்டையும் 00412 ஆக்கிவிடும். கோஹாவில் ஒரு பார்கோடு ஒரே பிரதிக்குத்தான். இரண்டாவது வரும்போது நூல் விவரம் ஏறும், பிரதி ஏறாது. தேடினால் தலைப்பு வரும், கீழே ஒரு பிரதிகூட இருக்காது. அலமாரியில் புத்தகம் இருக்கும், கணினி இல்லை என்று சாதிக்கும்.

இன்னொன்று. அந்த சிஎஸ்வி கோப்பை யாராவது "சரியா இருக்கானு பாக்கலாம்" என்று டபுள் கிளிக் செய்து திறந்து மறுபடி சேமித்தால் சைபர் திரும்பவும் போச்சு. கஸ்டம் ஃபார்மட் சிஎஸ்விக்குள் தங்குவதில்லை.

டைப் அடிப்பதற்கு முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்ற வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன சைபர் வராது. ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச எண்) நெடுவரிசைக்கும் இதே கதிதான். 13 இலக்கத்தை அடித்தால் 9.78 என்று தொடங்கி நடுவில் ஓர் ஈயும் கூட்டல் 12-ம் போட்டுச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் அந்தக் கோப்பில் அடியோடு இல்லை. எந்த ஃபார்மட்டும் மீட்டுத் தராது.

மோல்மேன்_தேவி:
சைபரைப் பத்திப் பேசுறீங்க, எந்த சைபர்னு ரெண்டு பேருமே சொல்லலையே. பர்மியப் பதிவேட்டுல எண்ணெல்லாம் பர்மிய இலக்கத்துல இருக்கும். பர்மிய சைபரும் பர்மிய 'வ' எழுத்தும் பார்வைக்கு ஒரே வட்டம். டைப் அடிக்கிறவங்க பாதிப் பேர் சைபருக்கு 'வ' சாவியைத் தட்டுவாங்க. திரையில வித்தியாசமே தெரியாது, கணினிக்கு ஒண்ணு எழுத்து, மத்தது எண். இதுல எந்த ஃபார்மட்டைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, முதல்ல தேடி மாத்தணும்.

கோடு 39, கோடு 128னு பார்கோடு வகை ரெண்டுலயும் பர்மிய இலக்கம் அச்சாகாது, 0 முதல் 9 வரைதான். பதிவேட்டுல இருக்கிற எண்ணை அப்படியே ஏத்தினா சீட்டும் கோஹாவும் எந்தக் காலத்திலும் சேராது.

கணினி_செல்வம்:
பர்மிய இலக்கத்தை ஃபைண்டு ரீப்ளேஸ்ல பத்துத் தடவை மாத்தினா முடிஞ்சது அக்கா. மலையைத் தூக்குற மாதிரி பேசாதீங்க.

அண்ணனுக்கு: புது எக்செல்லைத் திறந்து பாருங்க. ஆப்ஷன்ஸ், டேட்டா, அதுல தானா மாத்துறதை நிறுத்துற பகுதி இருக்கு. முன்னாடி இருக்கிற சைபரை நீக்குன்னு இருக்கிற டிக்கை எடுத்துட்டா தீர்ந்தது. 2023-லயே வந்தாச்சு. நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?

பெகு_பட்டியல்:
நான் நம் நூலகங்களில் இருக்கும் கணினியின் காலத்தில் இருக்கிறேன். அங்கே ஓடுவது ஆபிஸ் 2010. அந்த டிக்கும் கிடையாது, தமிழ், பர்மிய எழுத்தைக் கெடாமல் காக்கும் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று சேமிக்கும் வழியும் கிடையாது. அது 2016 பதிப்பில்தான் வந்தது. பழைய எக்செல்லில் வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ்த் தலைப்பும் பர்மியத் தலைப்பும் வரிசையாகக் கேள்விக்குறிகளாகும். மூலக் கோப்பை மூடிவிட்டு அதை மட்டும் வைத்திருந்தால் திரும்ப டைப் அடிப்பதைத் தவிர வழியில்லை.

புது எக்செல்லின் யூடிஎஃப்-8 கோப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் ஒட்டிக்கொண்டு வரும். ஏற்றும் நிரல் அதை உதறாவிட்டால் முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தாது. முதல் நெடுவரிசை பெரும்பாலும் அக்செஷன் நம்பர்தான்.

ஃபைண்டு ரீப்ளேஸ் பற்றிச் சொன்னீர்களே, தலைப்பு நெடுவரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'வ'-வை 0 ஆக மாற்றினால் பர்மியத் தலைப்பு அத்தனையும் நாசம். எந்த நெடுவரிசையில் மட்டும் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதற்குப் பெயர்தான் பயிற்சி.

கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 0412-ம் 00412-ம் வேறு வேறு புத்தகம். உங்கள் எக்செல்லில் எப்படிப் பிரிப்பீர்கள்?

தாட்டோன்_ஆசிரியர்:
நூலகத்துறைக்காரர்கள் எப்போதும் இப்படித்தான் எளியதைச் சிக்கலாக்குவார்கள். போன தடவை தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத்தான் உள்ளிட வேண்டும் என்று அடம்பிடித்தவர்களும் நீங்களே. நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் எழுத்துப் படிக்கிறார்கள். அவர்கள் தேடும்போது ஆங்கில எழுத்தில் தலைப்பு கிடந்தால் யாருக்குப் பயன்?

பெகு_பட்டியல்:
ஆசிரியர் ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டும் வேண்டும் என்றேன். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் பதியும் மார்க் முறையில், தலைப்புக்கான 245-ஆம் புலத்தில் ஒன்றும் மாற்று எழுத்துக்கான 880-இல் மற்றதும் வைத்து இணைப்பு எண்ணால் கட்டலாம். தமிழ் படிக்கத் தெரியாத பர்மிய ஊழியர் புத்தகத்தை எடுத்துத் தர ஒலிபெயர்ப்பு உதவும், வாசகருக்குத் தமிழ் எழுத்து. அதைப் பாதியாக வெட்டி, நான் தமிழுக்கு எதிரி என்று ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தான்.

தாட்டோன்_ஆசிரியர்:
ஊரெல்லாம் சொல்லவில்லை. கூட்டத்தில் சொன்னேன். இன்றும் சொல்வேன். முதலிடம் 245-க்கு என்றால் அதில் தமிழ்தான் இருக்க வேண்டும்.

மோல்மேன்_தேவி:
தமிழ் எழுத்துல போட்டாலும் சும்மா வராது ஆசிரியரே. 'கௌரி'ன்னு அடிக்கச் சொன்னா ஒருத்தர் ஔகாரக் குறி போடுவார், இன்னொருத்தர் கொம்பு போட்டு பக்கத்துல 'ள' எழுத்தை அடிப்பார். அச்சுல ரெண்டும் ஒண்ணுதான். தேடினா ஒண்ணு வரும், மத்தது வராது. 'ஸ்ரீ'யும் ரெண்டு விதமாச் சேமிக்கலாம், 'ஸ' வச்சு ஒண்ணு, 'ஶ' வச்சு ஒண்ணு. கோயில் நூலகத்துல பாதித் தலைப்பு ஸ்ரீயிலதான் ஆரம்பிக்கும். இதை எந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புல சொல்லித் தர்றீங்க?

பர்மியத் தலைப்புல ஸோஜி வேற, யூனிகோடோட ஒத்துப்போகாத பழைய பர்மிய எழுத்துரு முறை அது. 2019 அக்டோபர் 1-ல நாடு யூனிகோடுக்கு மாறினதா அறிவிச்சாங்க, பழைய பட்டியல் கோப்பெல்லாம் இன்னும் ஸோஜியிலதான் தூங்குது. ரெண்டும் கலந்த கோப்பை மொத்தமா மாற்றியில போட்டா, ஏற்கெனவே யூனிகோடுல இருந்த வரியும் கெட்டுப்போகும். கட்டம் கட்டமா எது எதுன்னு கண்டுபிடிச்சு மாத்தணும். அதுக்குன்னே கூகுள் வெளியிட்ட இலவசக் கருவி இருக்கு, ஒவ்வொரு சரத்துக்கும் ஸோஜியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்லும். ரெண்டு மூணு எழுத்து மட்டும் இருக்கிற கட்டத்துல அதையும் நம்பக் கூடாது, கண்ணால பாக்கணும்.

கணினி_செல்வம்:
ஸோஜிக்குப் போயாச்சு, ஸ்ரீக்குப் போயாச்சு. நான் சொன்னது பதிவேட்டை ஏத்துறதைப் பத்தி மட்டும். சைபர்தானே பிரச்சினை? தமிழ்ப் புத்தகத்துக்கு முன்னாடி 'டி', பர்மியத்துக்கு 'பி'ன்னு ஆங்கில எழுத்தைச் சேத்துடுங்க. எழுத்து இருந்தா எக்செல் எண்ணா மாத்தாது. சைபரும் பிழைச்சுது. இப்ப என்ன சொல்றீங்க?

பெகு_பட்டியல்:
இப்போது சொல்கிறேன். ஏற்கெனவே ஒட்டிய சீட்டில் அந்த எழுத்து இல்லையே. ஸ்கேனர் 00412 என்றுதான் படிக்கும், கோஹாவில் பி00412 இருக்கும். அப்படியானால் ஒட்டிய ஒவ்வொரு சீட்டையும் உரித்து மறுபடி அச்சடிக்க வேண்டும். பழைய தாள் அட்டையில் பசையோடு உரித்தால் அட்டையும் சேர்ந்து வரும். நோயாளியை மாற்றி மருந்துச் சீட்டுக்குப் பொருத்துகிற வைத்தியம் இது.

இரண்டு பதிவேடும் சைபரோடு அப்படியே ஏற வழி இருக்கிறது. எக்செல் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே ஒரு பெட்டி வரும். எழுத்து வகை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, அக்செஷன் நம்பர், ஐஎஸ்பிஎன் நெடுவரிசைகளின் தலையைத் தட்டி டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டால் சைபர் தப்பும். சுத்தம் செய்ய ஓப்பன்ரிஃபைன். அதில் கோப்பை உள்ளே எடுக்கும்போது 'எண்ணாக மாற்று' என்ற டிக் விழுந்திருக்கக் கூடாது.

பிறகு மார்க் பதிவுகளை உருவாக்கும் மார்க்எடிட் மென்பொருளில் நெடுவரிசைகளைப் புலங்களோடு பொருத்த வேண்டும். தலைப்பு 245 ஏ, ஆசிரியர் 100 ஏ, பார்கோடு 952 பி (p), எந்த நூலகத்துக்குச் சொந்தம் என்பது 952 ஏ, இப்போது இருக்குமிடம் இன்னொரு துணைப்புலம், நூல் வகை 952-இலும் 942-இலும். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் விழுகிறார்கள். 952-இன் துணைப்புலங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்காவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி 952 ஆகும். பார்கோடு ஒரு பக்கம், நூலகக் குறியீடு இன்னொரு பக்கம். நூலகக் குறியீடு கோஹாவில் பதிந்ததோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டாலும் பிரதி ஏறாது. பதிவின் தலைப்பகுதியில் ஒன்பதாம் இடத்தில் 'ஏ' இருந்தால்தான் அது யூனிகோடு என்று கோஹாவுக்குத் தெரியும்.

முதலில் இருபது பதிவு மட்டும். இரண்டு பதிவேட்டிலிருந்தும் ஒரே எண் உள்ள ஜோடி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஏற்றி, ஸ்கேன் செய்து பார்த்து, தவறினால் இறக்குமதியைத் திரும்பப் பெறும் வசதி கோஹாவிலேயே இருக்கிறது. பிரதியை யாருக்கும் கடனாகக் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

இதில் எதை உங்கள் பையன் ஒரே நாளில் செய்வான்?

கணினி_செல்வம்:
இவ்வளவும் ஒரு வீடியோ பாத்தா வரும். பட்டயம் வாங்கினவங்க வேலையைக் காப்பாத்திக்கிற பேச்சு இது.

மோல்மேன்_தேவி:
பட்டயத்தை இழுக்காதீங்க தம்பி. யாங்கோன் பல்கலைக்கழகத்துல நூலகக் கல்விக்குத் தனித் துறையே இருக்கு. அதை மதிக்கத் தெரியாதவர் நூலகத்துக்குச் சர்வர் மட்டும் வச்சுக் கொடுக்க வர்றாரு. சர்வரைப் பத்தியே கேக்கறேன். கரண்டு போய்ப் போய் வர்ற ஊர்ல யூபிஎஸ் எத்தனை நிமிஷம் தாங்கும், அதுக்குள்ள யார் ஒழுங்கா அணைப்பாங்கன்னு யோசிச்சீங்களா? கோஹா தினமும் தானாக் காப்புப் பிரதி எடுக்கும், சரி. அது போய் உக்காருறது அதே டிஸ்குல. டிஸ்கு போனா ரெண்டும் போச்சு.

கணினி_செல்வம்:
பென் டிரைவ்ல எடுத்து வைங்க. அதுக்குமா வகுப்பு?

தாட்டோன்_ஆசிரியர்:
880-ஐப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 245-இல் தமிழா, ஆங்கில எழுத்தா?

பெகு_பட்டியல்:
விடை மேலே இருக்கிறது ஐயா, படியுங்கள்.

செல்வத்துக்கு: பென் டிரைவ், வீடியோ, பட்டயம் எல்லாவற்றையும் பேசினீர்கள். 0412, 00412 இரண்டையும் எக்செல்லில் எப்படிப் பிரித்து ஏற்றுவீர்கள் என்று மட்டும் பேசவில்லை. மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன்.

கணினி_செல்வம்:
ரெண்டு பதிவேட்டுக்கு ரெண்டு தாள். ஒண்ணுக்கு 0000, இன்னொண்ணுக்கு 00000. தனித்தனியாச் சேமிச்சுத் தனித்தனியா ஏத்துங்க. முடிஞ்சுதா?

பெகு_பட்டியல்:
முடியவில்லை. தமிழ்ப் பதிவேடே 9999-ஐத் தாண்டியதும் ஐந்து இலக்கமாகிவிடும், அது தானாக நடக்கும், சரி. ஆனால் பழைய பதிவேட்டைப் புதிதாகப் படியெடுத்தவர்கள் நடுவில் இலக்கத்தைக் கூட்டியிருப்பார்கள். ஒரே பதிவேட்டில் பாதிவரை நான்கு இலக்கம், பிறகு சைபர் சேர்த்து ஐந்து. எந்தப் பக்கத்தில் மாறியது என்று சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் ஃபார்மட்டுக்கு எப்படித் தெரியும்?

கணினி_செல்வம்:
அப்படிப் பதிவேடு எழுதினவங்களைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

மோல்மேன்_தேவி:
சீட்டைப் பாக்கறதுன்னு சொன்னதால இது. ஸ்கேனர் கணினிக்குக் கீபோர்டு மாதிரிதான். கீபோர்டு பர்மிய அமைப்புல இருக்கும்போது ஸ்கேன் பண்ணினா சீட்டுல சரியா இருக்கிற 00412 திரையில பர்மிய இலக்கமா விழும். "சீட்டு தப்பு"ன்னு கிழிச்சுடாதீங்க. ஆங்கிலத்துக்கு மாத்திட்டு ஸ்கேன் பண்ணுங்க. அப்புறம், இலவசக் கோடு 39 எழுத்துருவை வேர்டுல போட்டு அச்சடிக்கிறவங்க எண்ணுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போடணும். வேர்டுல தானாத் தடிமனாக்குற வசதி திறந்திருந்தா அந்த நட்சத்திரத்தை விழுங்கிட்டு எண்ணைத் தடிமனாக்கிடும், ஸ்கேனர் படிக்காது.

கணினி_செல்வம்:
கோடு 128 போட்டா நட்சத்திரமே வேண்டாம். இதுகூடத் தெரியாம பயிற்சி எடுக்கிறீங்களா?

பெகு_பட்டியல்:
கோடு 128-க்குச் சரிபார்ப்பு இலக்கம் கணக்கிட்டு எழுத்துருவுக்குக் கொடுக்க வேண்டும். வெறும் எண்ணை அடித்து எழுத்துருவை மாற்றினால் அது கோடே இல்லை, ஸ்கேனர் பீப் அடிக்காது. அந்தக் கணக்கை எக்செல்லில் போடப் போகிறீர்கள் என்றால், சைபரை முதலில் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்.