இணைய வகுப்பில் மாணவரின் முகத்தைப் படிக்கும் மென்பொருளை நம்பலாமா?

கணக்கு_வாத்தியார்:
வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் இணையவழியே கணிதம் நடத்துகிறேன். நான் பணிபுரியும் பயிற்சி நிறுவனம் சென்ற மாதம் சேர்த்த மென்பொருள், ஒவ்வொரு மாணவரின் படத்துக்குக் கீழேயும் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு பட்டையை ஓட்டி, அவர் கவனிக்கிறாரா, சலித்துப்போயிருக்கிறாரா என்று சொல்கிறது. பகுதித் தொகையிடலில் ஒரு கணக்கைக் கொடுத்தேன். குனிந்து நோட்டில் போட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சிவப்பு. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குப் பச்சை. சரியான விடையை முதலில் சொன்னவன் சிவப்புப் பட்டைக்காரன். வாரந்தோறும் இந்த நிறங்களைப் பெற்றோருக்கு அறிக்கையாக அனுப்பச் சொல்கிறார்கள். இதை எந்த அளவுக்கு நம்புவது?

நிரலாளர்_கோவை:
ஐயா, இவை பெரும்பாலும் புருவம், இமை, உதட்டோரம் ஆகியவற்றின் அசைவையும் தலை திரும்பும் கோணத்தையும் அளந்து, முன்பே பெயரிட்டு வைத்த காணொளிகளோடு ஒப்பிடுகின்றன. ஐ.ஐ.டி. ஹைதராபாத் ஆய்வாளர்கள் உருவாக்கிய 'டெய்சி' தரவுத்தொகுப்பில் 112 பேரிடமிருந்து எடுத்த 9,068 துணுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் 10 விநாடி. சலிப்பு, குழப்பம், ஈடுபாடு, விரக்தி என்ற நான்கையும் நான்கு நிலைகளில் குறித்தவர்கள், படத்தைப் பார்த்த வேறு மனிதர்கள். ஆகவே இத்தகைய தரவில் பழகிய மென்பொருள் கற்றுக்கொள்வது மாணவர் உணர்ந்ததை அன்று, அந்த முகத்தைப் பார்த்தவர் ஊகித்ததை. குனிந்த தலையிலிருந்து அதற்குக் கிடைப்பது உச்சந்தலை மட்டுமே.

கல்வியியல்_மாணவி:
நிறத்தைச் சரியாகவே காட்டினாலும் அதற்குப் பொருள் என்ன என்பதுதான் என் ஐயம். குழப்பம் உரிய நேரத்தில் தீர்க்கப்பட்டால் கற்றலுக்கு நன்மை தரக்கூடும் என்று டி'மெல்லோ, கிரேசர் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கடினமான கணக்கின்முன் புருவத்தைச் சுருக்கும் பிள்ளையை 'விரக்தி' என்று பெற்றோருக்கு எழுதிவிட்டால், அடுத்த வாரம் அது கேமராவுக்காகச் சிரிக்கப் பழகிக்கொள்ளும். முகபாவத்திலிருந்து மட்டும் உணர்ச்சியை உறுதியாகக் கணிக்க முடியாது என்பதே லிசா ஃபெல்ட்மன் பாரெட் குழுவினர் 2019இல் செய்த விரிவான மீளாய்வின் முடிவும்.

சட்டம்_படித்தவன்:
ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, கல்வி நிறுவனங்களில் உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்துள்ளது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் இருப்பதால், உங்கள் நிறுவனத்துக்கு அவை பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கணக்கு_வாத்தியார்:
மூவருக்கும் நன்றி. எழுத்தில் கேட்டுவிட்டேன்; பதில் வரும்வரை அறிக்கை அனுப்பப்போவதில்லை. நேற்று பட்டையை மறைத்துவிட்டு, எந்த வரியில் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன். பதினெட்டுப் பேரில் பதினொருவர் மூன்றாவது வரி என்று எழுதினார்கள். இன்று அங்கிருந்து தொடங்குகிறேன்.