வசூல்காரரிடம் கட்டிய கடன் சிடோஸில் இன்னும் நிற்கிறது

கேள்வி: செம்பனை மகள், சுங்கை சிப்புட், மலேசியா

2018-ல் ஃபேக்டரிக்குப் போய்வர ஒரு மோட்டார் எடுத்தேன். பேங்க் கடன் இல்லை, கிரெடிட் கம்பெனி கடன். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை போனது, தவணை நின்றது. அடுத்த வருடம் வசூல்காரர் போன் செய்ய ஆரம்பித்தார். எனக்கு மட்டுமா? தோட்ட ஆபீசுக்கும் போட்டு, கிராணியிடம் (ஆபீஸ் குமாஸ்தா) என் பெயர், பாக்கி எல்லாம் சொல்லிவிட்டார். அப்பா அங்கேதான் செம்பனைக் குலை வெட்டுகிறார். அன்று சாயங்காலம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மறுநாளே அம்மாவின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து 1,850 வெள்ளியை (ரிங்கிட்) அந்த ஆளிடம் காப்பிக்கடையில் கொடுத்தேன். "இதோடு முடிந்தது, நாளைக்கே பெயர் கிளியர்" என்றார். கையால் எழுதிய ரசீது தந்தார்.

இப்போது வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் சிடோஸ் கம்பெனியின் ரிப்போர்ட்டில் 3,420 வெள்ளி பாக்கி என்று நிற்கிறது. அவர் நம்பரும் வேலை செய்யவில்லை. மறுபடியும் கட்ட வேண்டுமா?

பதில்: தைப்பிங் அண்ணன்

தங்கச்சி, இப்போதைக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். நான் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். வசூல்காரர் பணம் வாங்குகிறவர்தான், கணக்கை மூடுவது கம்பெனி. உங்கள் 1,850 அங்கே ஏறியதா என்று முதலில் பாருங்கள். முழுக் கணக்கு கேட்டு எழுதுங்கள்: கட்டியது, தாமதக் கட்டணம், வசூல் கட்டணம் தனித்தனியாக. ரசீது நகலையும் சேர்த்து அனுப்புங்கள். ஏறியிருந்தால் கடன் முடிந்த கடிதம் வாங்கி சிடோஸுக்கு அனுப்புங்கள். தானாக அழியாது. தவறான தகவலைத் திருத்தச் சொல்லும் உரிமை 2010 கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஏஜென்சிஸ் சட்டத்தில் நமக்கு இருக்கிறது. பணம் ஏறவே இல்லை என்றால் போலீஸ் ரிப்போர்ட்தான்.

பதில்: கம்பார் டீச்சர்

அந்தக் கடிதத்தில் "பாக்கி இருக்கிறது, கட்டுகிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதேம்மா. 1953 காலவரம்புச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட 6 வருடம்தான். நடுவில் கொஞ்சம் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்த 6 வருடம் புதிதாகத் தொடங்கும். "ஐம்பது வெள்ளியாவது போடு" என்று கெஞ்சுகிற மாதிரி பேசி என் தம்பியை அப்படித்தான் மாட்டிவிட்டார்கள்.

அப்புறம், சிசிரிஸும் பார்த்துவிடு. அது நம் மத்திய வங்கி பேங்க் நெகாராவின் கடன் பதிவு, கடைசி 12 மாதம் தவணை கட்டிய விவரம் அதில் தெரியும். கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்பில் ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

செம்பனை மகள்

நன்றி அண்ணே, நன்றி டீச்சர். ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன். கம்பெனி முத்திரை இல்லை, அந்த ஆளின் கையெழுத்து மட்டும்தான். ஆனால் "1,850 கட்டினால் முழுக் கடனும் முடிந்தது" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் பழைய போனில் இருக்கிறது. கடிதத்தை டைப் அடித்துத் தரும்படி கிராணியிடம் அப்பாவே போய்க் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை கம்பெனிக்கு அவரும் கூட வருகிறார்.