கண்மாய் மேற்குப் புஞ்சையில் வெளிப்பட்ட தாழிகள்: சங்க உறவுகளின் கவனத்திற்கு

அன்புள்ள சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் புஞ்சையில் பண்ணைக்குட்டை வெட்டும்போது பழங்காலப் பெரிய மண்பானைகளான முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்ட செய்தி வாட்ஸ்அப்பில் உங்களில் பலருக்கு வந்திருக்கும். படங்களோடு வதந்திகளும் பரவியிருப்பதால், நிலத்துக்குரியவன் என்ற முறையில் நடந்ததையும் நாங்கள் எடுத்த முடிவையும் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

நான் மஸ்கட்டில் இருப்பதால் நிலத்தைச் சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். பொக்லைன் நாலடி ஆழம் போனபோது ஏதோ உடையும் சத்தம் கேட்டதாகவும், வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு தாழியின் தோள்பகுதி பெயர்ந்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வீடியோ காலில் அவர் காட்டியபோது, விரல் தடிமன் உள்ள சிவந்த ஓடும், கழுத்துக்குக் கீழே விரலால் அழுத்தி அழுத்திக் கயிறு போல் ஓட்டியிருந்த வரியும், உள்ளே இறுகிய மண்ணில் பாதி புதைந்திருந்த கறுப்பு சிவப்புக் கிண்ணத்தின் விளிம்பும் தெரிந்தன. பக்கத்தில் இன்னும் இரண்டு தாழிகளின் வாய் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. வேலையை அப்போதே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நம் அப்பத்தாமார் இவற்றை மதமதக்கத் தாழி என்பார்கள். வயதாகிச் சுருங்கியும் உயிர் பிரியாதவர்களைச் சோறும் விளக்கும் வைத்து உள்ளே இறக்கிவிடுவார்கள் என்று கதையும் சொல்வார்கள். அந்தக் கதையை நம்பித்தான் ஊரில் சிலர் இப்போது அந்தப் பக்கம் போகவே அஞ்சுகிறார்கள். ஆனால் கீழடிக்கு அருகே கொந்தகையில் இருக்கும் பழங்கால இடுகாட்டில், முதியவர்கள் மட்டுமல்ல, குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து அகலமாகத் தாழி வனையும்படி குயவனிடம் வேண்டுகிறாள். இவை இறந்தவர்களைப் பிரியத்தோடு அடக்கம் செய்த இடங்கள் என்பதே என் எண்ணம். பயப்பட இதில் ஒன்றுமில்லை.

அரசுக்குச் சொன்னால் நிலம் போய்விடும், பேசாமல் மூடிவிடு என்று இரண்டு மூன்று பேர் தனியாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை; ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தாழி கிடைத்த மாத்திரத்தில் பட்டா மாறிவிடுவதில்லை. கீழடியில் 2015 முதல் தனியார் தென்னந்தோப்புகளில்தான் குழி போட்டார்கள். பல குழிகளை ஆய்வு முடிந்தபின் மூடியும் விட்டார்கள். மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. எனவே புல எண், ஆழம், கிடைத்த தேதி ஆகியவற்றோடு படங்களையும் இணைத்து ஆட்சியருக்கும், தாசில்தாருக்கும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்கும் மனு அனுப்பிவிட்டோம். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது தாழிக்குள் இருக்கும் மண். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் நடந்த அகழாய்வில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அதன் காலம் கி.மு. 1155 என்று கண்டார்கள். யாராவது ஆர்வத்தில் அந்தத் தாழியைக் கவிழ்த்துக் கழுவியிருந்தால் அந்த நெல் வாய்க்காலோடு போயிருக்கும். எலும்பை வெறுங்கையால் தொட்டாலே நம்முடைய மரபணு அதில் ஒட்டிக்கொண்டு ஆய்வைக் கெடுத்துவிடும். ஓட்டைத் தேய்த்துக் கழுவினால், கீறியிருக்கும் குறியீடுகள் அழிந்துபோகலாம். ஆகவே எதையும் வெளியே எடுக்காமல், பெயர்ந்த ஓடுகளை விழுந்த இடத்திலேயே விட்டு, மேலே தார்ப்பாய் விரித்துச் சலித்த மண்ணைப் பரப்பி வைத்திருக்கிறோம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சிறு வயதில் இதே புஞ்சையில் கிணறு வெட்டியபோது ஒரு தாழி முழுசாகக் கிடைத்தது. உள்ளே இருந்ததையெல்லாம் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, தாழியை ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வைத்துக்கொண்டோம். அது எத்தனை காலம் இருந்தது, எப்போது உடைந்தது என்பதுகூட வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அந்தக் குப்பைமேட்டில் என்னவெல்லாம் போயிருக்கும் என்று இப்போது நினைத்தால் மனம் ஆறவில்லை.

கலிபோர்னியாவில் இருக்கும் தம்பி ஒருவர், ஊருக்கு வரும்போது ஒரு பாசிமணியை நினைவாகக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தார். அவருடைய பாசம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துப்போவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை விதிக்க முடியும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாழிகள் நிறைந்த ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. அவர் செய்ததை நாமே நம் ஊருக்குச் செய்ய வேண்டாம்.

சங்கத்திடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். எங்கள் புஞ்சையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள், துறையினர் வந்து பார்க்கும்வரை சரளை அள்ளவோ ஆழ உழவோ யாருக்கும் அனுமதி கொடுக்காமல் இருக்க வேண்டும். தாழிகள் எங்கள் வரப்போடு நின்றுவிட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முன்பு கிடைத்த கிண்ணமோ மணியோ இரும்புத் துண்டோ யார் வீட்டிலாவது இருந்தால், எந்த இடத்தில் எடுத்தது என்பதோடு சித்தப்பாவிடம் சொல்லுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் குழிக்கு மேல் தகரக் கொட்டகை போட்டு, இரவில் ஒருவரைக் காவலுக்கு வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை நானே ஏற்கிறேன். இரவுக் காவலுக்கு நம்பிக்கையான ஆளை மட்டும், இப்போது ஊரில் இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் சங்க உறுப்பினன்