டீசலைக் கூட்டினால் வண்டி இழுக்குமா? டர்போ லாரிக்காரர்களின் அனுபவங்கள்

சொந்தமாக ஒரு லாரி, டிரைவரும் நானே. சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றி ஓசூர் பக்கம் இறக்குவது வாடிக்கை. பழைய ஆறு சக்கர லேலண்டு, ஆறு சிலிண்டர் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி), சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அனுப்பும் மைகோ இன்லைன் பம்ப். தொப்பூர் மேட்டில் நாலாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று மூன்றுக்கு இறங்கியது, அப்புறம் இரண்டுக்கு. ஆனால் புகை துளிகூட இல்லை. அந்த ஒரு விஷயத்தை அன்றைக்கு நான் யோசித்திருந்தால் நிறைய காசு மிஞ்சியிருக்கும்.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், "டீசல் பத்தலீங்க, கொஞ்சம் ஏத்தி விட்டுடலாம்" என்று பம்பின் ஈய சீலை வெட்டிவிட்டு, கவர்னர் பக்கம் இருக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவை, அதாவது அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் திருகை, திருப்பினார். எத்தனை சுற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி பறந்தது. டீக்கடையில் பெருமை பேசினேன். பின்னால் வந்த பஸ்காரர் கரும்புகையில் மூழ்கி, முந்திப் போகும்போது என் தாயாரை விசாரித்ததை மட்டும் சொல்லவில்லை. லிட்டருக்கு நாலரை கொடுத்த வண்டி நாலுக்குக் கீழே போனது. ஒரு ராத்திரி மேடு ஏறி முடித்து, நிறுத்தி பானெட்டைத் திறந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொல்லன் உலையில் போட்ட இரும்பு மாதிரி சிவந்து கிடக்கிறது. பயந்துவிட்டேன்.

நாமக்கல்லில் ஒரு பம்ப் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "ஸ்க்ரூவைத் திருப்பறதுக்கு முன்னாடி புகை வந்துச்சா?" என்றார். இல்லை என்றதும் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பம்புக்கு வரும் ஒல்லிக் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி, வண்டியை ரேஸ் பண்ணச் சொன்னார். குழாயை இணைக்கும் யூனியன் பக்கத்தில் நுரை பொங்கியது. மயிரிழை வெடிப்பு, அவ்வளவுதான்.

அந்தக் குழாய்தான் டர்போவின் காற்றழுத்தத்தைப் பம்பின் தலையிலிருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுக்குக் கொண்டுபோகிறது. அழுத்தம் ஏற ஏற டயாஃப்ரம் இறங்கி, ரேக் என்ற பல்கம்பி இன்னும் கொஞ்சம் நகர வழிவிடும். ரேக் நகர்ந்தால் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் திரும்பும், டீசல் கூடும். காற்று வந்த பிறகுதான் டீசல் என்பது கணக்கு. குழாய் கசிந்ததால், டர்போ நன்றாகச் சுற்றியும் பம்புக்குச் சேதி போகவில்லை. அதனால்தான் இழுவையும் இல்லை, புகையும் இல்லை. நாங்கள் ஸ்க்ரூவைத் திருப்பியதும், டர்போ எழும்புவதற்கு முன்னாலேயே டீசல் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

குழாய்க்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆனால் திருப்பிய ஸ்க்ரூவைக் கண்ணளவில் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. பம்பை இறக்கி, டீசல் அளவைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றித்தான் சரிசெய்தோம். இரண்டு நாள் வண்டி நின்றது.

*

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில் இருக்கிறன். இங்கே லொறி இல்லை, 1997 டொட்ஜ் ராம் பிக்கப். 5.9 லீற்றர் கம்மின்ஸ், பொஷ் பி7100 பம்ப். இந்த வண்டிக்காரருக்கு பம்புக்குள் இருக்கும் சின்னத் தகட்டை முன்னுக்குத் தள்ளுவது ஒரு பைத்தியம். தள்ளினால் ரேக் கூடத் தூரம் போகும், டீசல் கூடும். நானும் தள்ளினேன், அது உண்மை. ஆனால் அதற்கு முதலே எக்ஸோஸ்டில் வெப்பமானி பூட்டியிருந்தேன். ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு நீளமான ஏற்றத்தில் போனபோது ஊசி 1250 பரனைட்டைத் தாண்டியது. அது கிட்டத்தட்ட 677 செல்சியஸ். பிஸ்டன் அலுமினியம், அலுமினியம் உருகுவது 660இல். எண்ணெய் பட்டுக் குளிர்வதால்தான் பிஸ்டன் பிழைக்கிறது. காலை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தகட்டையும் பின்னுக்கு இழுத்துவிட்டேன். வெறும் வண்டியில் ஒருநாளும் அந்தச் சூடு வந்ததில்லை, பாரம் இழுத்தால்தான் தெரியும்.

*

என்னுடையது பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டிப்பர், எல்லாம் கம்ப்யூட்டர்தான், ஸ்க்ரூவெல்லாம் கிடையாது. ஒரு சின்ன டப்பா மாட்டினால் பிக்கப் வரும் என்றார்கள், மாட்டினேன். அது டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரில் குறைத்துப் பொய் சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பி அழுத்தத்தைக் கூட்டும். பிக்கப் வந்தது. கூடவே புகைக்கரி வடிகட்டி அடிக்கடி அடைத்து, வண்டியை ஓரம்கட்டி ரீஜென் போடுவதே (அடைத்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது) வேலையாகிவிட்டது. கழற்றிவிட்டேன்.

*

பம்ப் வேலைதான் பார்க்கிறேன், அதனால் இரண்டு வார்த்தை. சங்ககிரி அண்ணன் சொன்ன அந்தப் பெரியவரின் கேள்விதான் எங்கள் கடையிலும் முதல் கேள்வி. புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் போகவில்லை: டீசல் ஃபில்டர், ஃபீட் பம்ப், அந்த ஒல்லிக் குழாய், டயாஃப்ரம் கிழிசல். கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்று போகவில்லை: ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ், டர்போ. இல்லையென்றால் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகும். இரண்டாவது வகை வண்டிக்குப் போய் டீசலைக் கூட்டுகிறவர்களை என்ன சொல்வது!

பெஞ்ச் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் ஆறு எலிமென்ட்டும் ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சிசி தருகின்றன என்று ஜாடியில் பிடித்துப் பார்ப்போம். தேய்ந்த பம்பில் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் தரும். வெளியே இருந்து ஸ்க்ரூவைத் திருப்பினால் ஆறுக்கும் சேர்த்துத்தான் கூடும். ஏற்கெனவே அதிகம் குடிக்கும் சிலிண்டர் முதலில் போகும். அண்ணன் வண்டியில் மேனிஃபோல்டு சிவந்ததோடு நின்றது நல்ல நேரம்.

இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி, "ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் கூடும், அதை மட்டும் சொல்லுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறார். தம்பி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.