களி கிண்டினால் உள்ளே பச்சை மாவு நிற்கிறது, வழி சொல்லுங்கள்

அக்காமார்களே, கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம், சோறு தின்று வளர்ந்தவள். வாக்கப்பட்டது தருமபுரி. மாமனாருக்கு மத்தியானம் களியும் கீரைக் கடைசலும் இருந்தால்தான் சாப்பிட்ட மாதிரி. இத்தனை நாள் அத்தைதான் கிண்டினார்கள். இப்போது அவர்களுக்குத் தோள்பட்டை வலி, துடுப்பைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், உப்பு. தளதளவென்று கொதித்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் குழி போட்டு, ஐந்து நிமிடம் விட்டுக் கிண்டுகிறேன். உருண்டை மேலே பளபளவென்றுதான் இருக்கிறது. பிட்டால் உள்ளே கடலைப்பருப்பு அளவில் வெள்ளையாகப் பச்சை மாவு. நேற்று மாமனார் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மனசு கேட்கவில்லை.

மாவு வேக இன்னும் நேரம் விடணுமா? கொஞ்சம் தண்ணீரை வடித்து வைத்து, கிண்டும்போது திரும்ப ஊற்றணுமா? அரிசி நொய்யை முதலில் குழைய வேகவிட்டு அதில் மாவு போட்டால் கட்டி விழாது என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. எத்தனை பிடி நொய்? குக்கரில் செய்யும் வழி வேண்டாம், அடுப்பில் கிண்டுகிறவர்கள் சொல்லுங்கள்.