சுருக்குன்னு வர்ற பதிலை எப்படி நிறுத்துறது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மதுரை கீழவாசல் பக்கம் தையல் கடை வச்சிருக்கேன். நேத்து ஒரு அக்கா ஜாக்கெட்டை மேசையில விட்டெறிஞ்சு, "கை பிடிக்குது, இதுக்கா முந்நூறு ரூவா?"ன்னாங்க. "உடம்பு ஏறுனா நான் என்ன செய்ய?"ன்னுட்டேன். நாலு பேர் முன்னாடி. அவங்க முகம் சுண்டிப்போச்சு, ஜாக்கெட்டைக்கூட எடுக்காமப் போயிட்டாங்க. அப்புறம் அளந்து பார்த்தா, கையை அரை இஞ்சு உள்ள பிடிச்சுத் தைச்சது நான்தான்!

யாக்கோபு 1:19 மனப்பாடமாத் தெரியும்: பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம். வசனம் ஞாபகம் வர்றதுக்குள்ள வாய் முந்திக்குது. 'ஜெபம் பண்ணுங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க, சங்கீதம் 141:3 சொல்லி வாய்க்குக் காவல் கேட்டுத்தான் தினமும் ஷட்டரையே தூக்குறேன். அந்த ஒரு நொடியில நீங்க என்ன செய்றீங்க?

தையலைப் பிரிச்சுச் சரிபண்ணிட்டேன். மன்னிப்புக் கேட்க வீட்டுக்கே போகவா, போன் போடவா?